கட்டி கரைந்த பிறகும் முதுகு வலிக்கிறதே

பெரியம்மா தூக்கியது கட்டில் விரிப்பை மட்டும்தான். கொட்டாஞ்சேனை வீட்டில், புனித லூசியாள் பேராலயத்து மணி கேட்கிற ஒரு ஞாயிறு காலையில், விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து ஓர் உதறு உதறியிருக்கிறார். பிறகு கட்டில் விளிம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது முகம் வியர்த்திருந்தது.

“ஒண்டும் பாரமாத் தூக்கேல்லை பிள்ளை. விரிப்பைத்தான் உதறினனான். நாரிக்கு மேல ஏதோ முறிஞ்ச மாதிரிக் கிடக்கு.”

அவருக்கு வயது 62. அதற்குப் பதினான்கு மாதம் முன்பு நுரையீரலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். சிகரெட்டைக் கையால் தொட்டும் அறியாதவர். மூன்று வாரத்துக்கு ஒரு முறை கையில் ஏற்றுகிற இம்யூனோதெரபி மருந்து அவருக்கு நன்றாக வேலை செய்தது. நான்காவது தடவைக்குப் பிறகு மூச்சு வாங்கியது. மருந்து தூண்டிய நுரையீரல் அழற்சி என்று சொல்லி ஸ்டெரோயிட் குளிசை கொடுத்தார்கள். மூச்சு சீரானது. அடுத்த ஸ்கானில் கட்டி இருந்த இடம் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டில் பாயசம் காய்ச்சினோம்.

இப்போது முதுகு. அன்று முழுவதும் வீட்டில் ஒருவரும் “பரவீட்டுது” என்ற சொல்லை வாயால் எடுக்கவில்லை. ஆனால் எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது, சோற்றுக் கோப்பைகள் அப்படியே மேசையில் கிடந்ததில் தெரிந்தது.

மறுநாள் ஓட்டோவில் பொரளைக்குப் போனோம். ஒவ்வொரு குழியிலும் பெரியம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். கொழும்பில் நோய் வந்த குடும்பத்துக்குப் பொரளையைத் தெரியாமலிருக்க முடியாது. 1895இல் தொடங்கிய சீமாட்டி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி அங்கே. இரத்த மாதிரிகள் பரிசோதனைக்குப் போகிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் அங்கே. சந்தியிலிருந்து வார்ட் பிளேஸ் வழியாக நடந்தால் தேசிய வைத்தியசாலை. மற்றப் பக்கம் திரும்பினால் கனத்தை மயானம். கனத்தைப் பக்கம் ஓட்டோ திரும்பாதா என்று பெரியம்மா பார்த்துக்கொண்டே வந்ததை நான் கவனித்தேன்.

ஸ்கான் முடிந்து றிப்போர்ட் வந்தது. பரவல் எதுவும் இல்லை. ஆனால் நாரியின் முதலாவது முள்ளந்தண்டு எலும்பு முன்பக்கமாக நசுங்கி, ஆப்பு வடிவத்தில் இருந்தது. எலும்பு தன் வலுவை இழந்து தானாக நசுங்கிய முறிவு. படத்தைப் பார்த்த டொக்டர் கேட்ட முதல் கேள்வி: “எலும்பு அடர்த்தி கடைசியா எப்ப பார்த்தது?”

கிளினிக் கோப்பை விரித்துத் தேடினோம். ஈரல், சிறுநீரகம், தைரொயிட், சீனி எல்லாவற்றுக்கும் பதினான்கு மாதத்து அறிக்கைகள் வரிசையாக இருந்தன. எலும்பைப் பற்றி ஒரு தாள் இல்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த வைத்தியர் என்பது இங்கே தேவையில்லை. உயிரைக் காப்பாற்றியவர்களும் அவர்கள்தான். ஆனால் அந்த இல்லாத தாளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

*

நோயெதிர்ப்பு வைத்தியத்தின் கதையே ஓர் எலும்பில்தான் தொடங்கியது. 1890இல் நியூயோர்க்கில் வில்லியம் கோலி என்ற இளம் அறுவை மருத்துவரிடம் பெஸி டாஷியல் என்ற பெண் கை வலியோடு வந்தாள். எலும்பில் சார்கோமா. கையை வெட்டியும் பயனில்லாமல், 1891 ஜனவரியில் இறந்துபோனாள். அந்த மரணம் கோலியைத் தூங்கவிடவில்லை. ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடுகளைக் கிளறியபோது, கழுத்துக் கட்டியோடு வந்த ஒரு நோயாளிக்குத் தோலில் கடும் கிருமித்தொற்று ஏற்பட்டு, காய்ச்சல் அடித்து, கட்டி கரைந்துபோன குறிப்பு கிடைத்தது. உடலின் பாதுகாப்புப் படையை உசுப்பினால் அது புற்றையும் தாக்கும் என்று அவர் நம்பினார். நோயாளிகளுக்குக் கிருமியையே ஊசியாகப் போட்டுப் பார்த்தார். சிலர் பிழைத்தார்கள். காரணத்தை அவரால் விளக்க முடியவில்லை. கதிர்ச்சிகிச்சை வந்ததும் அவரை மறந்துவிட்டார்கள்.

விளக்கம் கிடைக்க இன்னொரு நூற்றாண்டு ஆனது. நம் இரத்தத்திலுள்ள டி கலங்கள் எதிரியைத் தேடிக் கொல்பவை. அவை வெறிகொண்டு சொந்த உடலையே தாக்காமலிருக்க இயற்கை அவற்றில் தடைகளை வைத்திருக்கிறது. ஜப்பானின் தசுகு ஹொன்ஜோ 1992இல் பிடி-1 என்ற தடையைக் கண்டுபிடித்தார். அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன் சிடிஎல்ஏ-4 என்ற மற்றொரு தடையை விடுவித்தால் கட்டி கரைவதை எலிகளில் காட்டினார். புற்றுநோய் இந்தத் தடைகளை அழுத்திப் பிடித்துத்தான் ஒளிந்துகொள்கிறது. தடையை விடுவிக்கும் முதல் மருந்தான இபிலிமுமாப் 2011இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2018இல் அலிசனும் ஹொன்ஜோவும் நோபெல் பரிசைப் பகிர்ந்தார்கள்.

தடையை விடுவித்தால் படை புற்றை மட்டும் தாக்கும் என்று உத்தரவாதமில்லை. தோல் தடிக்கும், குடல் புண்ணாகும், தைரொயிட் வீங்கும், நுரையீரல் அழலும். இவை எல்லாம் வைத்தியர்களுக்கு இன்று நன்றாகத் தெரியும். ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்கிறார்கள். எலும்பு அந்தக் கேள்விப் பட்டியலில் இன்னும் சரியாக ஏறவில்லை.

எலும்பு சும்மா கிடக்கிற பொருள் என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கனத்தையில் பார்க்கிற எலும்பும், கசாப்புக் கடையில் பார்க்கிற எலும்பும் அப்படித்தான் இருக்கின்றன. உயிருள்ள எலும்போ நம் காலி வீதி மாதிரி. ஒரு கூட்டம் எந்நேரமும் எங்கேயாவது தோண்டிக்கொண்டிருக்கும்; பின்னால் இன்னொரு கூட்டம் வந்து நிரப்பித் தார் போட்டுக்கொண்டு போகும். தோண்டுகிறவை ஒஸ்டியோகிளாஸ்ட் கலங்கள், நிரப்புகிறவை ஒஸ்டியோபிளாஸ்ட் கலங்கள். இப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எலும்பு புதிதாகிறது. தோண்டுகிற வேகமும் நிரப்புகிற வேகமும் சமமாக இருக்கும்வரை வீதி வீதியாக இருக்கும்.

தோண்டுகிறவர்களுக்கு உத்தரவு கொடுக்கிற ஒரு புரதம் உண்டு. அதன் பெயர் ராங்க்எல். உசுப்பப்பட்ட டி கலங்களே இந்தப் புரதத்தைச் சுரக்கின்றன. அழற்சியின்போது பெருகுகிற டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற பொருட்களும் தோண்டும் கூட்டத்துக்குத்தான் ஊக்கம் கொடுக்கின்றன. முடக்குவாதக்காரர்களின் விரல் மூட்டருகே எலும்பு அரிபட்டுப் போவது இதனால்தான். எலும்பும் நோயெதிர்ப்பும் ஒரே எலும்பு மச்சையில், பக்கத்துப் பக்கத்து அறைகளில் வளர்கிறவை. ஒன்றைக் கிளப்பிவிட்டால் மற்றது அசையாமல் இருக்குமா?

2018இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவர்கள் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஆறு பேரும் இந்தத் தடைநீக்கி மருந்துகளைப் பெற்றவர்கள். மூவருக்குப் புதிதாக எலும்பு முறிவு. மற்ற மூவருக்கு எலும்பு உள்ளுக்குள் அரிக்கப்பட்டிருந்தது. ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் வேறிடங்களில் இதைப் பார்த்தும் வேறு காரணம் சொல்லிக் கடந்துபோன வைத்தியர்களை அது திரும்பிப் பார்க்கவைத்தது. 2023இல் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்திலிருந்து பெரிய ஆய்வு ஒன்று வந்தது. இந்த மருந்து தொடங்கிய ஏறத்தாழ 1,600 பேரை எடுத்து, மருந்துக்கு முந்திய ஆண்டில் எத்தனை முறிவு, பிந்திய ஆண்டில் எத்தனை முறிவு என்று அவர்களையே அவர்களோடு ஒப்பிட்டார்கள். பிந்திய ஆண்டில் எலும்புத் தேய்வு முறிவுகள் இரண்டு மடங்குக்கும் மேல்.

இதை வைத்து இம்யூனோதெரபி எலும்பை உடைக்கிறது என்று பொரளைச் சந்தியில் நின்று கூவ முடியாது. அந்த ஓராண்டில் நோயும் முற்றியிருக்கலாம், ஸ்டெரோயிட் சேர்ந்திருக்கலாம், படுக்கையில் கிடந்த நாட்கள் கூடியிருக்கலாம். கட்டி நன்றாகக் கரைகிற சிலரில் எலும்புத் தேய்வைக் காட்டும் இரத்தக் குறியீடுகள் குறைந்து, கட்டுமானக் குறியீடுகள் ஏறியதாகக் காட்டிய ஆய்வும் உண்டு. அவர்களுக்கு மருந்து எலும்புக்கு நன்மையே செய்திருக்கலாம். விஞ்ஞானிகள் இன்னும் வாதாடட்டும். நோயாளியின் முதுகு அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏனென்றால் நேரடித் தாக்கத்தைவிட நன்றாக நிரூபணமான இரண்டு பக்கவழிகள் இருக்கின்றன.

முதலாவது சுரப்பிகள் வழி. தைரொயிட் அழன்று அதிகமாகச் சுரந்தால் எலும்பு வேகமாகக் கரையும். இபிலிமுமாப் பெறுகிறவர்களில் சிலருக்கு மூளையடியிலுள்ள கபச்சுரப்பி அழன்றுபோகும்; ஆண், பெண் ஹோர்மோன்கள் விழும்; எலும்பைக் காக்கிறவை அவைதான். தலையிடி, தீராத களைப்பு, மாதவிடாய் நிற்பது, ஆண்களுக்கு ஆர்வம் குன்றுவது என்று இது வெளியே தெரியும். நம்மூரில் இந்தக் கடைசி இரண்டையும் யார் வைத்தியரிடம் சொல்கிறார்கள்? சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஸ்டெரோயிட் வழி. பெரியம்மாவின் முதுகை நசுக்கியதில் இதற்குத்தான் பெரும் பங்கு என்று டொக்டர் நினைக்கிறார். நானும் அப்படியே நினைக்கிறேன்.

*

இம்யூனோதெரபியின் அழற்சி கடுமையானால், தடையை இழந்து ஓடுகிற படையை அடக்க வைத்தியர்களின் முதல் ஆயுதம் பிறெட்னிசலோன் என்ற ஸ்டெரோயிட். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் என்பது வழமையான தொடக்க அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 மில்லிகிராம் குறைந்தபட்சம். நான்கு முதல் ஆறு வாரம், நுரையீரல் அழற்சியானால் அதற்கும் மேல், படிப்படியாகக் குறைப்பார்கள். உயிர்காக்கும் மருந்து அது. மூச்சுத் திணறிக் கிடந்த பெரியம்மா மூன்றாம் நாள் எழுந்து பிளேன்டீ கேட்டது அதனால்தான்.

ஆனால் பிறெட்னிசலோன் எலும்பை ஒரே நேரத்தில் பல முனையில் தாக்கும். நிரப்பும் கூட்டத்தை வேலையிலிருந்து நிறுத்தும். அவற்றில் பல செத்தே போகும். தோண்டும் கூட்டத்தின் ஆயுளை நீட்டும். குடல் கல்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கும், சிறுநீரில் கல்சியத்தை ஓடவிடும். தொடைத் தசையை மெலியவைக்கும். கதிரையிலிருந்து எழும்ப இரண்டு கையையும் ஊன்றவேண்டி வரும், குளியலறையில் கால் தடுமாறும். விழுகிறதற்கும் காரணம், விழுந்தால் உடைகிறதற்கும் காரணம்.

இதில் பலர் அறியாத செய்தி ஒன்று இருக்கிறது. ஸ்டெரோயிட்டால் வருகிற எலும்பு இழப்பு ஆண்டுக்கணக்கில் மெல்ல நடப்பதில்லை. தொடக்கத்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்தான் அது மிக வேகமாக நடக்கிறது. அதிலும் முள்ளந்தண்டுக்குள் இருக்கும் கடற்பஞ்சு போன்ற எலும்புதான் முதலில் போகிறது. “கொஞ்ச நாளைக்குத்தானே குடிக்கிறீங்கள்” என்ற ஆறுதல் வார்த்தையை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அந்தக் கொஞ்ச நாள்தான் ஆபத்தான நாள்.

அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி இதைத் தெளிவாகச் சொல்கிறது: பிறெட்னிசலோன் நாளுக்கு 2.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கிற எல்லோருக்கும் எலும்பு முறிவு அபாயத்தை மதிப்பிட வேண்டும். 2.5 எங்கே, 60 எங்கே! அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கமும், எலும்பைப் பாதிக்கும் சிகிச்சை பெற்றவர்களுக்கு அடர்த்திப் பரிசோதனை செய்யும்படி 2019இல் எழுதிவைத்திருக்கிறது. விதி இருக்கிறது. மூட்டுவாத கிளினிக்கில் இந்த விதியை மறக்க மாட்டார்கள். அதே குளிசை, அதே அளவு, புற்றுநோய் கிளினிக்கில் எழுதப்படும்போது எலும்பு நினைவுக்கு வருவதில்லை. கட்டி என்ற பெரிய நெருப்பு எரிகிறபோது கூரைமரம் கறையான் அரிப்பதை யார் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். முன்பு அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர் மாதங்களே வாழ்ந்த காலத்தில் எலும்பைப் பற்றிப் பேசுவது வீண்தான். இன்றைக்கு இந்த மருந்துகளால் சிலர் ஐந்து ஆண்டு, அதற்கும் மேல் வாழ்கிறார்கள். வாழப் போகிறவருக்கு நிற்க முதுகு வேண்டும்.

*

நம் நாட்டுக்கு இதில் தனிக் கவலைகள் உண்டு. ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய புற்றுநோயாளிகள் பதிவாகிறார்கள். பெண்களில் மார்புப் புற்றுநோய் முதலிடம், ஆண்களில் வாய்ப் புற்றுநோய் முதலிடம். வாய்ப் புற்றுநோய் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் செய்த வேலை. முதலாம் இடத்திலுள்ள இந்த இரண்டுக்கும் இம்யூனோதெரபி வந்துகொண்டிருக்கிறது. ஹோர்மோன் சார்ந்த மார்புப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற அனஸ்ட்ரசோல், லெட்ரசோல் குளிசைகள் ஏற்கனவே எலும்பைக் கரைப்பவை. ஹோர்மோன் சாராத ஒரு வகை வந்த பெண்களுக்குக் கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் சேர்க்கிறார்கள். கீமோவால் முப்பத்தைந்து வயதிலேயே மாதவிடாய் நின்றுபோகிறவர்கள் அவர்களில் உண்டு.

விலைதான் இதுவரை பெரிய மதிலாக இருந்தது. அதில் முதல் ஓட்டையைப் போட்டவர்கள் மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனைக்காரர்கள். தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேரில் ஒரு பாதிக்கு வழமையான குளிசைச் சிகிச்சையோடு நிவோலுமாப் வெறும் 20 மில்லிகிராம் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொடுத்தார்கள். மேலை நாடுகளில் கொடுக்கிற அளவில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஓராண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள், மருந்து சேராத பக்கத்தில் நூற்றுக்கு 16.3, சேர்ந்த பக்கத்தில் 43.4. 2022இல் வெளிவந்த இந்த முடிவைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நம்மைப் போன்ற நாட்டு ஏழைக்கும் இந்த வைத்தியம் எட்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? எட்டும்போது எலும்புப் பிரச்சினையும் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் வரும். அதற்கு முன்பே ஆயத்தமாவோம் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று வெயில். வெயில் நாட்டில் விற்றமின் டி குறையுமா என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். குறைகிறது. கறுத்த தோலுக்கு அதே அளவு விற்றமின் செய்யக் கூடுதல் வெயில் வேண்டும்; வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நாலாம் மாடியில் யன்னல் சீலையை இழுத்துவிட்டுக் கிடக்கிற நோயாளிக்கு அது எங்கே கிடைக்கும்? “வருத்தக்காரி, வெளியில போகாதேங்கோ” என்று அன்பால் அடைத்துவைக்கிறோம். அடைத்துவைப்பதில் தசையும் எலும்பும் சேர்ந்தே போகின்றன.

பெரியம்மாவுக்குக் கடைசியில் செய்தது டெக்ஸா ஸ்கான். மேசையில் மல்லாக்கப் படுக்க வேண்டும், கருவியின் கை மேலே மெதுவாக நகரும், கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஊசி இல்லை, கதிர்வீச்சும் மிகச் சொற்பம். நாரியிலும் இடுப்பிலும் அளந்து ஒரு எண் தருவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 1994ஆம் ஆண்டு வரையறைப்படி அந்த எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புத் தேய்வு நோய். மருந்து தொடங்குமுன்னேயே இதைச் செய்திருந்தால், ஸ்டெரோயிட் எழுதிய அன்றே எலும்பைக் காக்கும் மருந்தையும் எழுதியிருக்கலாம்.

எண் நல்லதாக இருந்தாலும் நம்பி இருந்துவிடக் கூடாது. ஸ்டெரோயிட் எடுக்கிறவர்களின் எலும்பு, அடர்த்தி காட்டுவதைவிட மோசமாக இருக்கும். முள்ளந்தண்டு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு வைத்தியர் கண்ணுக்கு வராமலே போய்விடுகின்றன. “வயசுபோட்டுது, கூன் விழுது” என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பக்கவாட்டு எக்ஸ்றே ஒன்று அதைக் காட்டிக்கொடுக்கும். காசே இல்லாத சோதனையும் இருக்கிறது: சிகிச்சை தொடங்கும் நாளில் நோயாளியைச் சுவரோடு நிற்கவைத்துத் தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மாதத்துக்கு ஒரு முறை அளந்து பாருங்கள். கோட்டுக்கும் தலைக்கும் இடையில் இடைவெளி விழுந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

முறிவு அபாயத்தைக் கணக்கிட ஃபிராக்ஸ் என்றொரு கருவி இணையத்தில் உண்டு. இலங்கையருக்கென்று தனிக் கணக்கும் அதில் இருக்கிறது. வயது, எடை, பெற்றோரின் இடுப்பு முறிவு, சிகரெட், ஸ்டெரோயிட் என்று கேட்கும். இம்யூனோதெரபி பெற்றீர்களா என்று கேட்காது. அந்தக் கேள்வியை வைத்தியரோ நோயாளியோதான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

*

மருந்துகள் புதிதல்ல, பலதும் மலிவு. வாரம் ஒரு முறை எடுக்கிற அலெண்ட்ரோனேட் குளிசையை விடிய வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்க வேண்டும். தேநீரோடு எடுத்தால் பயனில்லை, படுத்தால் தொண்டைக்குழாய் புண்ணாகும். குளிசை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சொலெட்ரோனிக் அமிலம் சேலைனாக ஏற்றுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலடியில் போடுகிற டெனோசுமாப், நான் மேலே சொன்ன ராங்க்எல் புரதத்தையே பிடித்துக் கட்டுகிறது. அதைத் தொடங்கினால் தவணை தப்பக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் அடக்கிவைத்த தோண்டும் கூட்டம் ஒரேயடியாகக் கிளம்பி, முள்ளந்தண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கலாம். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிய நாட்டில் இதை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும்: அடுத்த தவணை ஊசி கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த மூன்றுக்கும் பொதுவான எச்சரிக்கை பல். இவற்றை எடுக்கிறபோது பல்லைப் பிடுங்கினால், அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்குக் கொடுக்கிற பெரிய அளவில் அந்த ஆபத்து கூடுதல். வெற்றிலை போட்டுப் பல் ஆடுகிறவர்கள், பிடுங்க வேண்டியதை முன்பே பிடுங்கி, ஆறவிட்டுத்தான் ஊசியைத் தொடங்க வேண்டும். தேசிய பல் வைத்தியசாலை அதே வார்ட் பிளேஸில்தான் இருக்கிறது.

சாப்பாட்டில் பெரிய அதிசயம் எதுவும் தேவையில்லை. நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கல்சியம் என்பது இலக்கு. நூறு கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முள்ளோடு மெல்லுகிற நெத்தலி, தயிர், எள்ளுருண்டை, முருங்கையிலை எல்லாம் பெற்றாவிலும் வெள்ளவத்தைச் சந்தையிலும் கிடைப்பவை. குறைந்ததை வைத்தியர் குளிசையால் நிரப்புவார். கல்சியக் குளிசை மட்டும் போதும் என்று நினைப்பதும் தவறு. ஸ்டெரோயிட் நடத்துகிற இடிப்பை அது தனியாகத் தடுக்காது.

இரண்டு விஷயத்தை வாசகர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கவலைப்படுகிறேன். எலும்புக்குப் பயந்து இம்யூனோதெரபியை வேண்டாமென்று சொல்லாதீர்கள். பெரியம்மா இன்று இருப்பது அதனால்தான். பிறெட்னிசலோனை நீங்களாக நிறுத்தாதீர்கள். உடலின் சொந்த ஸ்டெரோயிட் உற்பத்தி உறங்கிப்போயிருக்கும், திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

புற்றுநோயாளியின் முதுகுவலி எப்போதும் சிறிய விஷயமில்லை. அது பரவலாகவும் இருக்கலாம், பெரியம்மாவுக்கு நடந்தது போல நசுங்கலாகவும் இருக்கலாம். படம் எடுக்காமல் எண்ணெய் தேய்த்து யாரும் தீர்மானிக்க முடியாது. முதுகுவலியோடு கால் சோர்ந்தாலோ, மரத்தாலோ, சலம் மலம் கட்டுப்பாடு தவறினாலோ அடுத்த கிளினிக் திகதிவரை இருக்கக் கூடாது. முதுகுத்தண்டு நரம்பு நெரிபடுகிறது என்று அர்த்தம். அன்றைக்கே, அந்த மணித்தியாலமே ஆஸ்பத்திரி.

மஹரகமையில் பல பத்தாண்டுகளாக நிற்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இப்போது அபேக்ஷா என்று பெயர்; சிங்களத்தில் எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று பொருள். அங்குள்ள பெட் ஸ்கான் கருவிக்காக இந்த நாட்டு மக்கள், சிங்களவர் தமிழர் முஸ்லிம்கள் எல்லோரும், சில்லறைக் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டினார்கள். அப்படிப்பட்ட மக்களுக்கு, மருந்து ஏற்றுகிற முதல் நாளில் ஒரு டெக்ஸா, ஒரு விற்றமின் டி இரத்தப் பரிசோதனை, ஒரு பக்கவாட்டு எக்ஸ்றே என்ற மூன்று வரியைக் கிளினிக் தாளில் அச்சடித்துக் கொடுப்பது பெரிய செலவா? ஒரு தடவை ஏற்றுகிற மருந்தின் விலையோடு ஒப்பிட்டால் அது பேருந்துக் காசு.

*

பெரியம்மாவுக்குச் சொலெட்ரோனிக் அமிலம் ஒரு முறை ஏற்றியாயிற்று. அன்று இரவு காய்ச்சல் அடிக்கும், உடம்பு நோகும், பயப்பட வேண்டாம் என்று மிஸ்ஸி முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். அப்படியே அடித்து, பரசிட்டமோலில் போயிற்று. குனிந்து கூட்டுவதும், திரும்பி எதையும் இழுப்பதும் தடை. பின்னேரத்தில் தண்டவாளத்தைக் கடந்து வெள்ளவத்தைக் கடற்கரையில் நடப்பதற்காகவே என் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் நின்றார். முதல் நாள் இருபது அடி. இப்போது அடுத்த ஒழுங்கை வரை.

கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினிக் கதவுநிலையில் எங்களுடைய சின்ன வயது உயரக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் என் தம்பியின் மகன் பெரியம்மாவுக்கு ஒரு கோடு போட்டான். திருமண அல்பத்திலுள்ள படங்களைப் பார்த்தால் அந்தக் கதவின் மேல் தாழ்ப்பாள் அவர் உச்சந்தலைக்கு நேரே வந்திருக்க வேண்டும். இப்போது தலைக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி.

போன ஞாயிறு அளந்தோம். மூன்றாவது மாதம். பெரியம்மா குதிக்காலைக் கதவுநிலையோடு ஒட்டி, நாடியை நிமிர்த்தி, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றார். பொடியன் கதிரையில் ஏறி அடிமட்டத்தை வைத்தான்.

“எவ்வளவு?”

“அதே கோடுதான், அப்பம்மா.”

“வடிவாப் பார். பென்சில் தடிப்பில பிழைச்சிடும்,” என்று சொல்லி இன்னொரு முறை நின்றார்.